கேம் பெட்டியில் வந்த அக்கா

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். எழுதப் போகும்போது கை கொஞ்சம் நின்றது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, உடம்பு நலம். மற்றதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கே நீங்களும் எங்கள் மகள் பாப்பாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புது அலுவலகத்து நாற்காலி உங்கள் முதுகுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அத்தை கேட்கச் சொன்னார்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், போனில் சொன்னால் ஆகாதா என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான். போனில் சொன்னால் பாப்பா உடனே ஸ்பீக்கரில் போடுவாள், நான் விஷயத்துக்கு வருவதற்குள் சிரித்து முடித்துவிடுவாள். அதுவுமல்லாமல் நான் பேசினால் பக்கத்து அறையில் இருக்கும் உங்கள் அத்தைக்குக் கேட்டுவிடும். பேருந்து நிலையத்தில் மைக்கைப் பிடித்து வண்டி அறிவித்தே தலை நரைத்தவன் நான், எனக்கு மெதுவாகப் பேச வராது. நீங்கள் முதன்முதலில் எங்கள் பழைய வீட்டுக்கு வந்த அன்று நான் உங்களை "வாங்க" என்றதற்கு எதிர்வீட்டுக்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று எழுந்து வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே கடிதம். தயவுசெய்து இதை நீங்கள் மட்டும் தனியாகப் படிக்கவும், முடிந்தால் பகலில் படிக்கவும்.

விஷயம் நீங்கள் வேலை மாறிப் போகும்போது "லக்கேஜ் அதிகமாயிடுச்சு மாமா, இது இங்கயே இருக்கட்டும்" என்று விட்டுச் சென்ற அந்தக் கறுப்பு கேம் பெட்டியைப் பற்றியது. நான் சில வாரம் முன்பு வரை அதன் மேல் தூசி தட்டியதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் அத்தைக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள் அல்லவா, அதற்குப் பிறகு போனில் படம் பார்த்தால் எல்லோரும் எறும்பு மாதிரி தெரிகிறார்கள் என்றார். அவருக்குப் பார்க்க வேண்டியது ஒன்றுதான், அவருடைய அக்கா. போன வருஷம் போய்ச் சேர்ந்த பெரியக்காவை நீங்கள் ஓரிரு தடவைதான் பார்த்திருப்பீர்கள். தாய் போனபின் இவருக்குத் தலை வாரிவிட்டு வளர்த்தவர். அவர் போனபோது ஊரெல்லாம் அழுதது, உங்கள் அத்தை மட்டும் அழவில்லை, அதிலிருந்து எனக்கு ஒரு கவலை. நீங்கள் நம் வீட்டுப் போன்களில் இருந்த வீடியோக்களையும் பழைய கேசட்டுகளையும் சேர்த்து ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்திருந்தீர்கள், அதில் எங்காவது அக்கா இருப்பார், பெரிய டிவியில் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றார். இதைவிடச் சின்ன ஆசை ஒரு மனுஷிக்கு இருக்க முடியாது, செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

டிஸ்க்கை டிவியின் பின்னால் இருக்கும் ஓட்டையில் செருகினேன். டிவி அதைக் கண்டுகொள்ளவே இல்லை, வீட்டுக்கு வந்தவரைப் பார்க்காதது போல இருந்தது. பாப்பாவுக்குப் போன் போட்டேன். அவள் கேம் பெட்டியில் செருகச் சொன்னாள், அது எல்லாவற்றையும் ஓட்டும் என்றாள். செருகியதும் பெட்டி ஒரு கேள்வி கேட்டது. இந்தச் சேமிப்பகத்தை விளையாட்டுகளுக்கு ஏற்றபடி மாற்றி அமைக்கட்டுமா என்றது. இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறதே, சரி என்று சொல்லாவிட்டால் என்ன நினைக்கும் என்று நான் பொத்தானின் மேல் விரலை வைத்துவிட்டேன். அப்போது உங்கள் அத்தை, கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தவர், "கீழ சின்ன எழுத்துல ஏதாவது போட்டிருக்கா பாருங்க" என்றார். பார்த்தேன். அப்படி மாற்றினால் இதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்று போட்டிருந்தது. உங்கள் கல்யாணம், பாப்பா நடை பழகியது, பெரியக்கா, எல்லாம் என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. விரலை எடுத்த பிறகு எனக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

பிறகு பாப்பா சொன்னபடி படம் ஓட்டும் இடத்தைத் திறந்தேன். உங்கள் கல்யாண வீடியோவில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. அத்தனை கூட்டமும் வாயை வாயை அசைத்தது. வாசலில் நின்று நானும் எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தேன், என் சத்தம் இல்லாமல் என்னை நானே பார்த்தது அதுதான் முதல் தடவை. "இப்பிடிப் பாத்தா நல்லாத்தான் இருக்கீங்க" என்றார் உங்கள் அத்தை. நாம் கடற்கரைக்குப் போன வீடியோவில் நேர்மாறாகச் சத்தம் மட்டும் வந்தது. இருட்டுத் திரையில் அலையும், "செருப்பு போச்சு செருப்பு போச்சு" என்று பாப்பா கத்துவதும் கேட்டது. வேறு சில, இந்தக் கோப்பை இயக்க முடியவில்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டன. இதற்கிடையில் பெட்டியை இயக்கும் அந்த கன்ட்ரோலர் நினைத்துக்கொண்டாற்போல் கையில் நடுங்குகிறது. அது சகஜம் என்று பாப்பா சொன்னாள். எனக்கு இன்னும் சகஜமாகவில்லை.

இப்படித் தடவிக்கொண்டே போகும்போதுதான், டிஸ்க்கின் படத்துக்குப் பக்கத்தில் சின்ன வீடு போல ஒரு படம் கண்ணில் பட்டது. அதையும் அமுக்கினேன். உள்ளே ஒரே ஒரு ஃபோல்டர். அதன் பெயர் அக்கா.

உங்கள் அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டார். "பாத்தீங்களா, மாப்பிள்ளைக்குத்தான் என் மனசு தெரியுது, தனியா எடுத்து வச்சிருக்கார்" என்றார். அப்போது நானும் உங்களை மனதார வாழ்த்தினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

முதல் வீடியோவை ஓட்டினேன். படம் வந்தது, சத்தம் இல்லை. ஒரு பெண்மணி ஜன்னலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், நமக்கு முதுகுதான் தெரிகிறது. நரைத்த கொண்டை, கழுத்தோடு சேர்த்துப் போட்டது, பெரியக்கா போடுவது போலவே. சாம்பல் நிறச் சால்வை. எங்கோ உயரத்தில் வைத்து எடுத்த படம். அவர் திரும்பவில்லை. ஏதோ மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, தோள் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. உங்கள் அத்தையின் கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. டாக்டர் கண்ணைக் கசக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதால் கசக்காமல் அழுதார். போன வருஷம் வராத அழுகை இப்போது வந்ததே என்று எனக்கு மனசுக்குள் ஒரு நிம்மதி. வெகுநேரம் கழித்து அவர் கேட்டார்.

"ஏங்க, இது நம்ம ஹாலு தானே?"

அப்போதுதான் நான் படத்தில் மனிதரை விட்டுவிட்டு இடத்தைப் பார்த்தேன். நம் ஜன்னல். அதே மூன்று கம்பி, அதே அகலக் கட்டை. பக்கத்தில் நம் சமையலறை வாசல், அதற்கு மேலே நம் மின்சாரப் பெட்டி. ஆனால் நம் சோபா இல்லை, நம் மேஜை இல்லை, சுவரில் நம் வீட்டுப் பச்சை இல்லை, வெள்ளை. நம் வீட்டிலிருந்து நம்மை மட்டும் எடுத்துவிட்டு அவரை உட்கார வைத்தது போல இருந்தது. மாப்பிள்ளை, நாங்கள் இந்த அடுக்குமாடிக்குக் குடி வந்ததே பெரியக்கா போன பிறகுதான். அவர் இந்த வீட்டுப் படியை மிதித்ததில்லை.

நான் டிவியை அணைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போய்விட்டேன். வீட்டில் காய்கறி இருந்தது.

அதன் பிறகு தினமும் மதியம் சாப்பிட்டு முடித்ததும் உங்கள் அத்தை டிவிக்கு முன்னால் போய் உட்கார ஆரம்பித்தார். வீட்டு வேலை நின்றுவிட்டது என்று குறை சொல்லவில்லை, அது வழக்கம்போல நடந்தது. ஆனால் அவர் பேச ஆரம்பித்தார். எனக்கு அல்ல. "கண்ணு இப்ப பரவால்லக்கா, நடுவுல மட்டும் கொஞ்சம் மங்கல்" என்பார். "பாப்பாவுக்கு ஊரு மாத்திட்டாங்கக்கா, பக்கத்துல இருந்தா" என்பார். அந்த முதுகு கேட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் அது தலையை ஒரு பக்கம் சாய்த்தால் இவர் "ஆமாக்கா" என்பார். அடுத்த வாரம் ஒரு நாள் நான் கடைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறக்கிறேன், டிவியில் ஜன்னலைப் பார்த்து ஒரு முதுகு, டிவிக்குப் பக்கத்தில் எங்கள் ஜன்னலைப் பார்த்து இன்னொரு முதுகு, ரெண்டுக்கும் ஒரே மாதிரி கொண்டை. நான் கையிலிருந்த பையோடு வாசலிலேயே நின்றேன். ரெண்டில் எது திரும்பினாலும் எனக்கு உசுரு போயிருக்கும். திரும்பியது உங்கள் அத்தைதான். "தயிர் வாங்கினீங்களா" என்றார்.

இது மட்டுமென்றால் நான் பொறுத்திருப்பேன். மனசு ஆறும்வரை பார்க்கட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த ஃபோல்டர் வளர்ந்தது. முதல் நாள் பட்டியல் திரைக்குள் அடங்கியிருந்தது. பிறகு கீழே தள்ளிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. வீட்டில் யாரும் எதையும் சேர்க்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒன்றோ இரண்டோ புதிதாக வந்து கடைசியில் உட்கார்ந்திருக்கும். போனவர்கள் பழைய வீடியோவில் இருப்பார்கள், அதுதானே உலக வழக்கம். புது வீடியோ எடுத்து அனுப்பினால் மனிதன் என்ன செய்வான்? நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் பாப்பாவுக்குப் போன் போட்டேன். டிஸ்க்கில் மாப்பிள்ளை அக்கா என்று ஒரு ஃபோல்டர் போட்டாரா என்று கேட்டேன். நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்களாம், உங்களிடம் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அப்பிடி ஒண்ணு இல்லவே இல்லையாம்ப்பா. பெரியம்மா வீடியோவே நம்மகிட்ட இல்லையாம், கல்யாணத்துல கூட்டத்துல தெரியிறதோட சரி. ஏன்ப்பா, என்ன தண்ணி சத்தம்?"

குளிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வெளியே வந்தேன். உங்கள் அத்தை சமையலறையில் இருந்தார். டிவியில் அந்த முதுகு ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு இன்றோடு ஒரு முடிவு என்று நேராகப் போய் டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்கிக் கையில் எடுத்தேன். டிஸ்க் என் கையில் இருந்தது, அதன் விளக்கு அணைந்தது, அது சூடாகக்கூட இருந்தது. டிவியில் அக்கா தொடர்ந்து தைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பதைக் கேட்டுச் சிரிக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். டிஸ்க்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படி வழியாக இறங்கி, வெறும் காலோடு, கீழே காவலாளியிடம் போய் நின்றேன். அவர் நல்ல மனிதர். ஒன்றைக் கழற்றிய பிறகும் அது ஓடுமா என்று பொதுவாகக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "கரண்ட் இருக்கிற வரைக்கும் ஓடும் சார்" என்றார். அந்த நேரத்தில் அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. கொஞ்ச நேரம் அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டு மேலே வந்து டிஸ்க்கைத் திரும்பச் செருகிவிட்டேன். உங்கள் அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவார் என்றல்ல, பயப்பட மாட்டார் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். சாப்பிட்டு முடித்து அவர் டிவி முன்னால் உட்கார்ந்தார். நான் தள்ளி உட்கார்ந்து செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன், இது கொஞ்ச நாளாக எனக்கு வழக்கமாகிவிட்டது. ஃபோல்டரின் கடைசியில் இருந்ததை ஓட்டினார். வழக்கமான பேச்சு வரவில்லை. வெகுநேரம் வராததால் பேப்பரை இறக்கிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. சால்வை அதன் முதுகில் தொங்கியது. காற்றில் ஜன்னல் கதவு அசைந்தது. உங்கள் அத்தை திரைக்கு மிக அருகில் போய் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா விழுந்துட்டா" என்றார்.

படத்தின் கீழ் ஓரத்தில், தரையில், ஒரு கை மட்டும் தெரிந்தது. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. விரல் ஒரு தடவை மடங்கி விரிந்தது.

நான் அவர் தோளைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தேன். பெரியக்கா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது, இனிமேல் அவருக்கு எந்த வலியும் இல்லை என்று எனக்குத் தெரிந்த விதத்தில் எடுத்துச் சொன்னேன். அவர் என் கையை எடுத்துவிட்டு ஜன்னலைக் காட்டினார். டிவியில் இருக்கும் ஜன்னலை. அதில் எதிர்க் கட்டடத்து மாடத்தில் ஒரு சிவப்புக் கம்பளி காய்ந்துகொண்டிருந்தது. பிறகு எங்கள் ஜன்னலைக் காட்டினார். எதிர்க் கட்டடத்து மாடத்தில் அதே சிவப்புக் கம்பளி. காலையில்தான் அந்த வீட்டுக்காரி அதை உதறிப் போட்டாள், அந்தத் தூசிக்கு நான் தும்மினேன்.

"இது இன்னிக்கு நடக்குதுங்க" என்றார். "அதுல எதிர் கட்டடத்து மாடிமேல இருக்கிற தண்ணி டேங்கோட மூடி தெரியுது. நம்ம ஜன்னல்ல தெரியாது. இது மேல் வீடு."

புரை எடுத்த கண் அது, மாப்பிள்ளை. எனக்கு ரெண்டு கண்ணும் நன்றாக இருந்து, இத்தனை நாள் பேப்பருக்குப் பின்னால் இருந்தேன்.

லிப்ட் வரவில்லை. படி ஏறினோம். எனக்கு முன்னால் அவர் ஏறினார். எங்கள் வீட்டுக்கு நேர் மேல் வீட்டில் மருந்துக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், லிப்டில் பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான் பழக்கம். கதவு பூட்டியிருந்தது. மணியை அடித்தோம், தட்டினோம், உள்ளே எந்த அசைவும் இல்லை. காதை வைத்துக் கேட்டால் குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் வந்தது. உங்கள் அத்தை என்னைப் பார்த்து, "உங்க குரல்ல கூப்பிடுங்க" என்றார். கல்யாணமான நாளிலிருந்து மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்லி வந்தவர் கேட்டுக்கொண்டதால், நான் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, நிலையத்தில் எப்படிக் கூப்பிடுவேனோ அப்படி, உள்ளே இருப்பவர் தயவுசெய்து பதில் கொடுக்கவும் என்று அறிவித்தேன். அந்த மாடி முழுக்கக் கதவுகள் திறந்தன. பிறகு இந்தக் கதவுக்கு உள்ளேயிருந்து, தரையோடு தரையாக, ஒரு குரல் வந்தது.

"எந்த வண்டி?"

உள்ளே இருந்த அம்மாள் பல வருஷம் எங்கள் நிலையத்தில் வண்டி பிடித்து வேலைக்குப் போனவராம். மயக்கத்தில் கிடந்தவர், என் குரலைக் கேட்டதும் வண்டியைத் தவறவிடக் கூடாது என்று கண்ணைத் திறந்திருக்கிறார்.

காவலாளி வந்து பூட்டை உடைத்தார். உள்ளே போனால் டிவியில் பார்த்த அதே ஹால், அதே வெள்ளைச் சுவர், அதே நாற்காலி, சால்வை. அது வரைக்கும் கண்ணாடிக்குள் இருந்த இடத்துக்குள் காலை வைக்கும்போது உள்ளங்கால் கூசியது. அவர் பக்கவாட்டில் கிடந்தார், இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. உங்கள் அத்தை தரையில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார், பிறகு மெதுவாகக் குனிந்து முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பெரியக்காவின் சாயல் கொஞ்சமும் இல்லை. அகலமான மூக்கு, அடர்ந்த புருவம், முற்றிலும் வேறு ஒரு பெண்மணி. உங்கள் அத்தையின் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்ததை நான் பார்த்தேன். ஆனால் கையை விடவில்லை. ஆம்புலன்ஸிலும் அவர்தான் கூடப் போனார். இன்னும் சில மணி நேரம் அப்படியே கிடந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

கடையிலிருந்து ஓடி வந்த மருந்துக்கடைக்காரர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினார். விழுந்தவர் அவருடைய அக்காவாம். தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், முன்பே ஒரு தடவை விழுந்தவர். தம்பி காலையில் கடைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார், அதனால் அலமாரி மேல் ஒரு கேமராவை வைத்திருக்கிறார். எடுப்பதெல்லாம் வீட்டில் உள்ள ஒரு பெட்டியில் போய்ச் சேரும். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "அந்தக் கண்ணுக்கு என் முதுகு போதும்" என்று சொல்லி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாராம். நம் கேம் பெட்டிக்கு அதெல்லாம் எப்படி வந்தது என்றால், நீங்கள் இங்கே இருந்தபோது நம் இணையம் வேலை செய்யவில்லை என்று லிப்டில் யாரிடமோ சிரித்துப் பேசிக் கடவுச்சொல் வாங்கி வந்தீர்களே, அந்த யாரோ இவர்தான். ஒரே இணையத்தில் இருப்பதால் அவர் பெட்டியில் இருப்பதை நம் பெட்டி பார்த்திருக்கிறது, அந்தச் சின்ன வீட்டுப் படம் அதுதான், டிஸ்க்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், யார் யாருடைய வீட்டை எட்டிப் பார்த்தோம் என்றே கடைசியில் தெரியவில்லை.

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. உங்கள் அத்தைக்கு அப்படி இல்லை. வீட்டுக்கு வந்ததும் "நான் பேசினதெல்லாம் அப்ப யாருக்குமே கேக்கலையா?" என்று கேட்டார். எனக்குக் கேட்டது என்று சொன்னேன். பேப்பரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன் என்று சொன்னேன். சரி, இனிமேல் பேப்பரை இறக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள் என்றார். இப்போது தினமும் மருத்துவமனைக்குப் போய் வருகிறார். அந்தத் தையல் டீச்சரும் இவரும் நன்றாகப் பேசிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் என்னைப் பற்றியும் மருந்துக்கடைக்காரரைப் பற்றியும்.

ஆகவே மாப்பிள்ளை, விளக்கம் கிடைத்துவிட்டாலும் அந்தப் பெட்டி இருக்கும் அறையில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நீங்கள் அடுத்து வரும்போது, முடிந்தால் அதற்கு முன்பாகவே, அதை எடுத்துச் சென்றுவிட வேண்டும் என்று பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். ஒயர்களை எல்லாம் சுற்றித் தயாராக ஒரு அட்டைப் பெட்டியில் வைத்துவிட்டேன். டிஸ்க்கை மட்டும் நாங்கள் வைத்துக்கொள்கிறோம். பாப்பாவுக்கு எங்கள் அன்பு. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளும் நிறைந்த மனசுமாக, ஒருவர் சொல்வதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டு வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: மேலே கேட்டுக்கொண்டதைத் தயவுசெய்து ரத்து செய்துவிடவும். பெட்டியை எடுக்க வர வேண்டாம், அத்தை ஒயர்களைப் பிரித்து எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டார். உறையை ஒட்டுவதற்குள் மருந்துக்கடைக்காரர் வந்து எங்கள் ஹாலில் உட்கார்ந்தார். ஆள் சரியாக இல்லை. அவருடைய அக்கா இன்று மருத்துவமனையில் ஒன்றைச் சொன்னாராம். அந்தக் கேமரா தன் முதுகைப் பார்ப்பதும் பொறுக்காமல், விழுவதற்கு முந்தைய வாரமே அதன் ஒயரைப் பிடுங்கி மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டாராம். தம்பி, படம் வராததைப் பார்த்தும் இணையம்தான் மெதுவாக இருக்கிறது என்று இருந்துவிட்டார். இப்போது போய்ப் பார்த்தால் ஒயர் டிராயரில்தான் இருக்கிறது. அவர் பெட்டியிலும் அந்த வாரத்தோடு எல்லாம் நின்றுவிட்டது. வியாழக்கிழமை என்று அதில் ஒன்றுமே இல்லை. "அப்ப நீங்க எதைப் பாத்துட்டு மேல வந்தீங்க?" என்று கேட்டார். நான் உங்கள் அத்தையைப் பார்த்தேன். அவர் எந்த ஆச்சரியமும் இல்லாமல், மருந்துக்கடைக்காரருக்கு டீயில் சர்க்கரை போடலாமா என்று கேட்டார்.